முப்பது நாள் நோட்டீஸ்

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. மதுரையில் ஒரு தோழி வீட்டு மாடியில் ஒன்பது பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தன்பாலினத் திருமண வழக்கில் தீர்ப்பு நாள், உச்ச நீதிமன்றத்தின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கேசரி கிண்டி வைத்திருந்தோம், முந்திரி தாராளமாகப் போட்டு. தலைமை நீதிபதி சந்திரசூட் முதலில் தன் தீர்ப்பை வாசித்தார். அவர் வாசிக்க வாசிக்க எங்களில் இரண்டு பேர் சந்தோஷத்தில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வாசித்ததில் முக்கால்வாசி, மற்ற நீதிபதிகளில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளாத சிறுபான்மைத் தீர்ப்பு என்பது புரிய வெகுநேரம் ஆயிற்று.

திருமணம் அடிப்படை உரிமை அல்ல, 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒரே கருத்து. இணையர் என்று சட்டத்தின் கண்ணில் ஓர் அங்கீகாரம், சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை, இரண்டும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கைவிட்டுப் போயின. கிடைத்தது ஒன்றே ஒன்று: திருநங்கையும் ஆணும், திருநம்பியும் பெண்ணும் இருக்கிற சட்டங்களின்கீழ் மணம் செய்துகொள்ளலாம். என்னையும் என் இணையரையும் போன்ற இரண்டு பெண்களுக்கு எதுவும் இல்லை. அப்போது நாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கேசரியை யாரும் தொடவில்லை.

அன்று ராத்திரியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யார்மேல் பழி என்று ஆரம்பித்தது. வழக்கில் ஜமியத் உலமா எதிர்த்து வாதாடியிருந்தது, அதனால் முஸ்லிம்கள்தான் காரணம் என்றான் ஒருவன். இந்திய பார் கவுன்சிலே ஏப்ரலில் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது, அதற்காக எல்லா வக்கீல்களையும் திட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 'திருநங்கைகளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி நம் பக்கம் வர மாட்டார்கள்' என்றது இன்னொரு குரல். இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த, அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரு செய்தி போட்டார். 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்யும் எட்டாம் எண் முன்மொழிவு 52 சதவீத வாக்கில் ஜெயித்தது. மறுநாளே, வாக்குச்சாவடி வாசலில் எடுத்த ஒரு கணிப்பை வைத்துக்கொண்டு, கறுப்பின மக்களில் 70 சதவீதம் பேர் தடைக்கு வாக்களித்தார்கள், தோற்கடித்தது அவர்கள்தான் என்று பேச்சு கிளம்பியது. பிறகு வந்த ஓர் ஆய்வு அந்த எண் 60-க்கும் கீழே என்றது. அதற்குள் உறவு கெட்டுவிட்டது. 'நாமும் அதையே செய்யப் போகிறோமா?' என்று கேட்டிருந்தார். குழு ஒரு நாள் அமைதியாக இருந்தது. எங்கள் குழுவுக்கு அது பெரிய விஷயம்.

வழக்கில் ஒன்றிய அரசு எங்களைப் பற்றிச் சொன்ன ஒரு சொல் எனக்கு முள்ளாகத் தைத்திருந்தது: நகரத்து மேட்டுக்குடியின் பார்வை. பொய் என்று கத்தலாம். ஆனால் மாடியில் இருந்த ஒன்பது பேரை எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர் பட்டதாரிகள். தலித் ஒருவர். முஸ்லிம் யாருமில்லை. வந்திருந்த ஒரே திருநங்கைத் தோழியும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். நேரலை முழுக்க இங்கிலீஷில், அவருக்கு யாரும் சொல்லிக்கொண்டு வரவில்லை.

சரி, எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுவோம் என்று டிசம்பரில் ஒரு கூட்டம் போட்டோம். அது எப்படிச் சொதப்பியது என்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தப்பைப் பலர் செய்து பார்த்திருக்கிறேன்.

ஏழு அமைப்புகளை அழைத்தோம். கூட்டறிக்கையை நாங்களே எழுதி, அச்சடித்து, கையெழுத்துக்குக் கோடும் போட்டு வைத்திருந்தோம். நேரம் சாயந்திரம் ஆறரை. திருப்பரங்குன்றம் தாண்டி ஊருக்குள் போக வேண்டியவர்களுக்குக் கடைசி பஸ் எப்போது என்று யோசிக்கவில்லை. வந்தவர்கள் பதினொரு பேர். அறிக்கையை நான் வாசித்து முடித்ததும், தலித் பெண்கள் அமைப்பு ஒன்றில் இருபது வருடமாக வேலை செய்யும் ஓர் அக்கா கையைத் தூக்கினார்.

"உடுமலைப்பேட்டையில சங்கரைப் பட்டப்பகல்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வெட்டினாங்களே, அன்னைக்கு நீங்கள்லாம் எங்க இருந்தீங்க?"

2016 மார்ச் 13. வேறு சாதிப் பெண்ணை மணந்ததற்காகத் தலித் இளைஞர் சங்கரைக் கொன்ற நாள். நான் சென்னையில் இருந்தேன். அந்த சிசிடிவி காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தாங்கமாட்டாமல் அணைத்தேன். ஜூன் மாதம் வானவில் பேரணிக்கு என்ன நிறத்தில் பலூன் வாங்கலாம் என்று அந்த வாரம் பேசிக்கொண்டிருந்தோம். இதை அந்தக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. "கண்டனம் தெரிவித்தோம்" என்று ஏதோ முணுமுணுத்தேன். அக்கா கூட்டறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், கையெழுத்துப் போடாமல்.

அன்றைக்கு ஒரே ஒருவர்தான் கடைசிவரை இருந்தார். கறுப்புச் சட்டை, எண்பத்தைந்து வயது, பெரியார் இயக்கத்துக்காரர். எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்க உதவிக்கொண்டே சொன்னார்: "என் கல்யாணமும் செல்லாததுதாம்மா. 1964ல பண்ணினேன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் உட்கார வைத்துச் சொன்னார். சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் கடைசியிலிருந்து நடக்கின்றன. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றினால் போதும். ஆனால் சட்டம் அதைத் திருமணமாகவே ஒத்துக்கொள்ளவில்லை. 1953ல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான தம்பதிகள் ஊர் கண்ணுக்குக் கணவன் மனைவி, நீதிமன்றக் கண்ணுக்கு யாரோ. பிள்ளைகளின் சொத்துரிமைகூடக் கேள்விக்குறி. "தோத்துட்டோம்னு யாரும் அறுத்துக்கிட்டுப் போகலயே. கல்யாணம் பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்துச்சு." 1967ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைத் தமிழ்நாட்டுக்கென்று சேர்த்தார்கள். அதற்கு முன்னால் நடந்த திருமணங்களும், நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அந்தப் பிரிவில் எழுதப்பட்டது. ஐயாவின் மூத்த பையன் அப்போது இரண்டு வயசு.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாங்கள் டெல்லியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரிலேயே இதே மாதிரி ஒரு தோல்வி நடந்து, பதினான்கு வருடத்தில் அது திரும்பியிருக்கிறது. திருப்பியது நீதிமன்றம் அல்ல, சட்டமன்றம். திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கும் அதில் கை வைக்க இடமுண்டு, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்றாலும். அப்படியானால் எங்களுக்கு வேண்டியது வேறு விதமான பலம். வழக்குப் போட நாலு பேர் போதும். சட்டம் போட வைக்க நாலு பேர் போதாது.

மறுவாரம் நானும் என் இணையரும் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனோம். அறிக்கை எதுவும் எடுத்துப் போகவில்லை. உங்களுக்கு இப்போது என்ன வேலை தலைக்குமேல் இருக்கிறது என்று மட்டும் கேட்டோம். நான் வருமான வரி ஆலோசகர் ஒருவரிடம் வேலை பார்ப்பவள். படிவம் நிரப்புவது, அலுவலகங்களுக்கு அலைவது, ரசீது சேர்ப்பது இதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. அக்கா கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "ரிஜிஸ்டர் ஆபீஸ் போர்டைப் பாத்திருக்கியா?" என்றார்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இரண்டு பேரும் இந்துவாக இருந்தால் 7அ பிரிவில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாம். 2014ல் சென்னை உயர் நீதிமன்றம் வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் திருமணங்கள் செல்லாது என்றிருந்தது. 2023 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் (தர்மபுரி இளவரசன் அல்ல, இவர் வேறு) அதை மாற்றி, ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை என்றது. எங்கள் தீர்ப்புக்குச் சரியாக ஐம்பது நாள் முன்னால்! நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் மதம் வேறு வேறாக இருந்தால் 7அ உதவாது. யாரும் மதம் மாறாமல் மணம் செய்ய வேண்டுமானால் பெரும்பாலும் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே முப்பது நாள் நோட்டீஸ். பெயர், வயது, முகவரி எல்லாம் சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இதைவிடக் கொடுமை, நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் ஒரு பிரதி அங்கேயும் போகும். ஊரைவிட்டு ஓடி வந்தவர்களின் பெயர் ஊருக்கே திரும்பிப் போகிறது.

"எங்க பிள்ளைங்க பேரு அதுல ஏறினா வெட்ட வருவாங்க. உங்க பேரை அதுல ஏத்தவே மாட்டாங்க" என்றார் அக்கா. "ரெண்டு பேருக்கும் ஒரே போர்டுதான்."

எங்கள் கூட்டணி தொடங்கியது அந்த வாக்கியத்தில்தான். அதற்கு இன்றுவரை பெயர் கிடையாது. பெயர் வைத்தால் அப்புறம் தலைவர் வேண்டும், லெட்டர்பேடு வேண்டும்.

முதல் வேலையாக ஒரு முறைப்பட்டியல் போட்டோம். ஒரு ஜோடி நோட்டீஸ் கொடுத்தால் அந்த முப்பது நாளும் அவர்கள் எங்கே தங்குவது, யார் தினமும் போனில் பேசுவது, யார் அலுவலகப் பக்கம் ஒரு கண் வைப்பது என்று. எங்கள் ஒன்பது பேரின் பெயரை அதில் எழுதிக்கொடுத்தோம், நாலு மாதம் வேறு எதையும் கேட்கவில்லை. இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்: முதலில் போய் ஆதரவு கேட்காதீர்கள், வேலை கேளுங்கள். அதுவும் மேடையில் ஏறாத வேலை. ஜெராக்ஸ் எடுப்பது, ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்வது, வாய்தாவுக்குக் கூடப் போவது. நாலு மாதம் ஒருவர் அப்படி வந்து போனால், அவர் யாரை விரும்புகிறார் என்பது அந்த வீட்டில் தானாகவே ஒரு சின்ன விஷயமாகிவிடுகிறது. அக்காவின் அம்மா ஒரு நாள் என்னிடம், "உன் கூட்டாளிப் பொண்ணு ஏன் வரல, காய்ச்சலா?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள் சொன்னதே இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கும் ஒரு முறை வந்தது. தனியாக யாரும் போவதில்லை. ஒரு வக்கீல், ஒரு பெண், அந்தப் பகுதியில் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் என்று மூன்று பேராவது. கையில் ஒரு கோப்பு. அதில் ஆணவக் கொலைகளைத் தடுக்க 2018 மார்ச் 27ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழிமுறைகள் இருக்கும்: மாவட்டத்துக்கு ஒரு சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம், தம்பதிக்குக் காவல். கூடவே 2021 ஜூன் 7ல் சுஷ்மா வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை. அது மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கு. அதன் தொடர்ச்சியாக 2022ல் காவலர் நடத்தை விதிகளிலேயே எங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. இந்த இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தது ஒரு ஜூனியர் வக்கீலின் யோசனை. சாதி மறுப்பு ஜோடிக்கும் அதே கோப்பு, எங்களுக்கும் அதே கோப்பு. எந்த ஏடு எந்த வழக்குக்கு என்று தேட வேண்டாம் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தான், ஆனால் அதற்குள் பெரிய அர்த்தம் இருந்தது.

சுஷ்மா வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த நீதிபதி, இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. முதல் கூட்டத்திலேயே எல்லோரும் சரியான சொல்லைப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்த எங்கள் அவசரத்தை என்ன சொல்வது? எங்களைப் போன்றவர்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022ல் ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆசிரியை மாதிரி திருத்திக்கொண்டிருந்தேன். அக்காதான், "வார்த்தை தப்பா, மனசு தப்பான்னு பாத்துத் திட்டு" என்றார். கேலி செய்யக் கூடாது, யாரையும் அவர்களுக்குத் தெரியாமல் வெளியே சொல்லக் கூடாது. இந்த இரண்டைத் தவிர மற்றது எதையும் அப்புறம் நான் பிடிவாதமாகக் கேட்கவில்லை.

இரண்டாவது விதியை நாங்களே மீறினோம். 2024 மார்ச்சில் எல்லா அமைப்பும் சேர்ந்து போட்ட முதல் கூட்டம் நன்றாக நடந்தது. சந்தோஷத்தில் எங்கள் தன்னார்வலர் ஒருவர் குரூப் போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். பின்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண், பாதி முகம்தான் தெரியும். அவளுடைய அண்ணனுக்கு அது போதும். மறுநாள் ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன் அணைந்துவிட்டது.

பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளில் எங்கள் ஆட்கள் பேசி, அழுது, ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னதுதான் அதிகம். வேலை செய்தது மற்றவர்கள். அக்காவின் அமைப்புக்கு அந்தக் கிராமத்தில் ஆள் இருந்தது, பெண் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தது அவர்கள்தான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அடைத்து வைத்தவரை நேரில் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. நீதிபதி அவளையே கேட்டார், அவள் வீட்டாரோடு போக விரும்பவில்லை என்றாள், அவளுக்கு வயது இருபது, அத்துடன் முடிந்தது. வெளியே வந்தவளுக்குத் தங்க இடம் கொடுத்தது ஒரு திருநங்கை அம்மா. எட்டு மாதம் சோறு போட்டார். "எத்தனை பொண்ணுங்க வீட்டைவிட்டு வந்து எங்கிட்ட நின்னிருக்கு, எனக்கு இது புதுசா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் கூட்டங்களில் போட்டோ கிடையாது. வாட்ஸ்அப் குழுவுக்குத் தையல் வகுப்பு என்று பெயர். இன்னொன்றும் செய்கிறோம், இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்: வீட்டில் ஆபத்து இருக்கிற எவரும், தான் வயது வந்தவர், தன் விருப்பப்படி இன்னாரோடு இருக்க விரும்புகிறேன், என்னைக் காணவில்லை என்றால் இதை என் வாக்குமூலமாகக் கொள்ளவும் என்று தன் கைப்பட எழுதி, தேதி போட்டு, ஆதார் நகல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகலோடு நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது. வீட்டார் முதலில் பிடுங்குவது போனையும் சான்றிதழ்களையும்தான். மனு போடும்போது வயதுக்கு ஆதாரம் இல்லாமல் அலைவது பெரிய வேதனை.

அந்தத் திருநங்கை அம்மாவுக்கு எங்கள் திருமண விஷயத்தில் பெரிய அக்கறை இல்லை. நேராகவே சொன்னார்: "கல்யாணம் அப்புறம். மொதல்ல எம் பொண்ணுங்களுக்கு வேலை." தமிழ்நாட்டில் திருநங்கையரை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தலித்தாகப் பிறந்த திருநங்கை, தன் பட்டியலை விடுவதா, இதை விடுவதா? அதனால்தான் எந்தச் சாதியில் பிறந்தாரோ அந்தப் பிரிவுக்குள்ளேயே தனி ஒதுக்கீடு, கிடைமட்ட இட ஒதுக்கீடு என்று கிரேஸ் பானு போன்ற திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். நாங்கள் அதுவரை ஒரு போராட்டத்துக்கும் போனதில்லை. 2024ல் போனோம், வெயிலில் உட்கார்ந்தோம், கோஷம் போடத் தெரியாமல் உளறினோம். ஜூன் மாதம் அப்படி ஒதுக்கீடு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது அந்த அம்மா எனக்குப் போன் செய்து, "ஏய், ஜெயிச்சிட்டோம்டி" என்றார். அந்த 'டி'க்குள் நானும் இருந்தேன்.

இங்கே ஒரு கிளைக்கதை. திருநங்கைகள் தங்கள் சமூக அமைப்பையும் ஜமாத் என்றுதான் சொல்வார்கள். பள்ளிவாசலுக்கும் ஜமாத். எங்கள் தன்னார்வலர் ஒருவர் 'ஜமாத்துக்குச் சொல்லிட்டேன்' என்று குறிப்பு எழுதி வைக்க, நாங்கள் தப்பான ஜமாத்துக்குக் காத்திருந்து ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு தரப்பும் கேட்டுச் சிரித்தார்கள்.

பள்ளிவாசல் தரப்போடு பேசியதுதான் கஷ்டமானது. ஒரு ஜமாத்தின் செயலாளர் பாய், ரொம்ப நிதானமானவர். "உங்க கல்யாணத்துக்கு நான் கையெழுத்துப் போட மார்க்கத்துல எனக்கு எடமில்ல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த போர்டு விஷயத்துல வர்றேன். எங்க பிள்ளைங்க பேரு ஏறின அன்னைக்கே எவனாவது போட்டோ எடுத்துப் பரப்புறான்" என்றார். எங்களில் சிலருக்குக் கோபம். நம்மை ஏற்காதவரோடு என்ன கூட்டு? எனக்கும் முதலில் கசந்தது. ஆனால் பொய்யாகத் தலையாட்டுகிறவரைவிட இவரோடு வேலை செய்வது சுலபம் என்று போகப் போகத் தெரிந்தது.

அவரோடு பேசியதில் பிறந்ததுதான் எங்கள் நோட்டு. சாதாரண நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்பது. இன்னொரு பக்கத்தில் நாங்கள் ஒத்துப்போகாதது, ஒளிக்காமல். மூன்றாவது பக்கம்தான் முக்கியம்: ஒருவருக்கு எதிராக மற்றவர் பொது இடத்தில் பேச மாட்டோம் என்று ஒப்புக்கொண்டது. பாய் தன் மேடையில் எங்களைத் திட்ட மாட்டார். நாங்கள் எங்கள் மேடையில் அவருடைய மார்க்கத்தைத் திட்ட மாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து படிப்போம். இதுவரை இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வந்தது ஒன்றே ஒன்று.

பொது சிவில் சட்டம் வந்தபோது அந்த நோட்டே கிழிந்திருக்கும். 2024 பிப்ரவரியில் உத்தரகண்ட் அதை நிறைவேற்றியதும் எங்கள் குழுவில் சிலருக்கு நப்பாசை: நாடு முழுக்க ஒரே சட்டம் வந்தால் அதில் நமக்கும் இடம் கிடைக்காதா? ஒரு முஸ்லிம் தோழி, பள்ளி ஆசிரியை, எங்கள் கூட்டத்துக்கு வந்து பேசினார். "எங்க சட்டத்துல குறை இல்லன்னு சொல்லல. அதை நாங்க கேப்போம், கேட்டுக்கிட்டும் இருக்கோம். ஆனா எங்களை அடிக்க எடுத்த கம்புல உங்க கொடியக் கட்டிராதீங்க." அப்புறம் அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்தோம். சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் அரசிடம் பதிய வேண்டும் என்கிறது, தவறினால் தண்டனை. நாங்கள் ஒரு பலகையை எடுக்கச் சொல்லிப் போராடினால், அங்கே இன்னொரு பெரிய பலகையை மாட்டுகிறார்கள். எங்களைப் போன்ற ஜோடிகள் அதில் எங்குமே இல்லை. நப்பாசை அத்துடன் தீர்ந்தது, இரண்டு பேருக்கு மட்டும் தீராமல் குழுவைவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. திருமணம் என்ற சொல்லைக் கேட்டாலே ஏங்குகிற வயது அவர்களுக்கு.

பணம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கொள்கையில் உடைந்த கூட்டணிகளைவிடக் கணக்கில் உடைந்தவைதான் நான் அதிகம் பார்த்தது. வந்தவர் எல்லோருக்கும் பஸ் காசு, கேட்காமலே, கவரில். வரவு செலவைக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் நானே சத்தமாக வாசிப்பேன். பத்திரிகையாளர் வந்தால் எங்கள் ஆட்கள் கடைசியில்தான் பேசுவார்கள். ஒரு தடவை இங்கிலீஷ் பேசும் பையனிடம் மைக் போய், மறுநாள் செய்தியில் மற்ற ஐந்து அமைப்பும் காணாமல் போனதில் கற்றது இது.

2025 ஜனவரி 9ல் சீராய்வு மனுக்களையும் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று யாரும் கேசரி செய்யவில்லை, அழவும் இல்லை. நான் ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் என் இணையருக்கும் கூட்டுக் கணக்குத் தொடங்க. அப்படி வழக்கமில்லை என்றார் மேலாளர். எங்கள் போன்றோர் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் தடையேதும் இல்லை என்று நிதித்துறை 2024 ஆகஸ்டில் விட்ட அறிவிப்பை எடுத்து வைத்தேன். அதே சமயம் ரேஷன் அட்டைக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. இதெல்லாம் சட்டமல்ல, எப்போது வேண்டுமானாலும் மாறும். ஆனாலும் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். கணக்கு தொடங்கியாயிற்று.

அந்த வருடம் மே மாதம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றது. சந்தோஷம்தான். ஐயாவிடம் சொன்னேன். "அதெல்லாம் சரி, கோட்டைக்கு எப்பப் போறோம்?" என்றார். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. முதல் கோரிக்கை முப்பது நாள் நோட்டீஸ். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் இரண்டாவது. எங்கள் இணையர் பதிவு நான்காவதாக இருக்கிறது, அதை அந்த இடத்தில் வைத்தது நாங்களேதான்.

போன செப்டம்பரில் ஒரு ஜோடிக்கு முப்பது நாள் முடிந்தது. பையன் கிறிஸ்தவன், பெண் இந்து, இருவர் வீட்டிலும் ஆகாது. மூன்று சாட்சிகள் வேண்டும். ஐயா, திருநங்கை அம்மா, நான். வெளியே பாயும் அக்காவும் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு டீ குடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போடும்போது அங்கிருந்த எழுத்தர் சும்மா பேச்சுக்கு, "மேடத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

நான் பேனாவை வைப்பதற்குள் ஐயா முந்திக்கொண்டார். "இவங்களுக்கு இன்னும் சட்டம் வரலப்பா. எனக்கு மூணு வருஷம் கழிச்சு வந்துச்சு."

யாரையும் வெளியே சொல்லக் கூடாது என்ற விதியில் பாதியை அவர் மீறிவிட்டார். எழுத்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மை அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்.